முப்பத்தெட்டு

மீட்டர் எண்ணூறு என்றது.
காந்தம் இல்லை என்றது.

கம்பியில் கட்டித் தொங்கவிட்ட சின்னக் காந்தம்
சிவந்த இரும்பின் பக்கம்
இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது.
எழுநூற்றெழுபதைத் தாண்டினால்
இரும்பு காந்தத்தை மறந்துவிட வேண்டும்.
மறக்கவில்லை.
இரண்டில் ஒன்று பொய்.

கெமியார்வியில் ஜனவரி.
விடியற்காலை நான்கிலிருந்து பனி தள்ளும் வண்டி ஓட்டிவிட்டு
சாயங்காலம் கராஜில் உலை மூட்டுகிறேன்.
நெருப்புச் செங்கல் பதினாறு, சுருள் கம்பி ஒன்று,
செத்துப்போன லாரியின் பட்டையில் வெட்டிய
மூன்று கத்திகள்.
மூன்றும் எண்ணெயில் முங்கி எழுந்தன.
மூன்றையும் அரம்
வெண்ணெய்போல் வழித்தெடுத்தது.

தெர்மோகப்பிளில் என்ன இருக்கிறது?
இரண்டு கம்பி, இரண்டு கலவை,
ஒரு நுனியில் மட்டும் பொட்டளவு பற்றவைப்பு.
உலைக்குள் விட்டால் முனகும்,
ஒரு வோல்ட்டில் முப்பதில் ஒரு பங்கு.
அதைக் கேட்டு எண் சொல்வது மீட்டரின் வேலை.
இதற்குள் பொய் புக
எங்கே இடம்?

சமையலறைக்குத் தூக்கிப்போனேன்.
வாசல் பனியை வாளியில் நீர்விட்டுக் குழைத்து
நுனியை நட்டேன்: சுழியம்.
கெட்டிலில் கொதிநீர்: நூறு.
ஒரு டிகிரி பிசகில்லை.

கராஜுக்குத் திரும்பினேன்.
அதே வாளி, அதே பனிக்குழம்பு.
முப்பத்தெட்டு.
உருகுகிற பனிக்குக் காய்ச்சலாம்.

கையில் வாளியோடு உள்ளே வந்தபோது
ஹில்க்கா அப்போதுதான் சவுனாவிலிருந்து வந்து
ஈரத் தலையோடு
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.
"கதவைச் சாத்து, விறைக்குது."
நான் கோட்டைக் கழற்றியபடி,
"இங்கே என்ன இப்படி வேகுது?"

சுவரில் இருபது டிகிரி.
அவளுக்கும் அதே இருபது, எனக்கும் அதே இருபது.
ஒரு பூட்ஸ் கழன்றது, ஒன்று காலிலேயே,
அப்படியே நின்றேன்.

கம்பிக்கு நெருப்பைத் தெரியாது.
இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும்
நடுவிலுள்ள வித்தியாசம்தான் தெரியும்.
அந்த நுனி எப்போதும் இருபதில் இருக்கும் என்று
எங்கோ ஒரு வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்து
யாரோ ஒரு நல்லவர்
மீட்டருக்குள் எழுதிவைத்திருக்கிறார்.
பாவம், அவர் என் கராஜுக்கு வந்ததில்லை.
அங்கே மைனஸ் பதினெட்டு.
கூட்டிப் பாருங்கள்.

மீட்டரை மாற்றியிருக்கலாம்.
நான் அதை இடம் மாற்றினேன்.
சுவரில் துளை, சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மேடை.
"செம்புக் கம்பி இழுத்தால் ஆகாதா?" என்றார்
எதிர்வீட்டு பெண்ட்டி.
ஆகாது. செம்பு தொடங்குகிற இடமே
அந்த நுனியாகிவிடும், மறுபடியும் குளிரில்.
அதே இரட்டைக் கலவையில்தான் ஏழு மீட்டர் நீளம் வேண்டும்.
தாம்பெரேயிலிருந்து வந்தது.
புது மீட்டரையே வாங்கியிருக்கலாம் அந்தக் காசுக்கு
என்பதை ஹில்க்கா
இரண்டு முறை சொன்னாள்.

அவள்தான் இப்போது படிக்கிறாள்.
"எழுநூத்தி முப்பது!"
காந்தம் சாய்கிறது.
"அறுபது!"
சாய்கிறது.
"எழுபத்திரெண்டு. எழுபத்தஞ்சு. என்ன ஆச்சு?"
கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல்
நேராகத் தொங்கியது காந்தம்,
எதுவும் நடக்காத மாதிரி.

"எண்ணூறு!"
எண்ணெய் சீறியது. புகை கண்ணைக் கரித்தது.
அரம் கத்தியின் மேல்
கண்ணாடியில் நகம்போல் வழுக்கிப்போனது.

உலையை அணைத்துவிட்டேன்.
அணைத்ததைச் சொல்லவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரலில்
எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன,
எழுநூறு, அறுநூத்தி நாற்பது,
நடுவில் ஒரு தும்மல், ஐநூத்திப் பத்து.

"நானூறு," என்றாள்.
"காபி போடுறேன், வா."