கிழக்குக் கம்பி

கோபுரத்தின் எடை ஒன்பது டன்.
அடியில் இறங்குவது இருபத்தாறு.
தணிக்கைக்கு வந்தவர் பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்,
மீதிப் பதினேழு யாருடையது?

கம்பிகளுடையது, சார்.
மூன்று திசையிலிருந்தும் பிடித்திருக்கின்றன.
பிடிக்கிற பிடியில்
கீழேயும் அழுத்துகின்றன.

வேலந்தாவளத்தில் அந்த அடியைப் பார்த்தால்
யாருக்கும் நம்பிக்கை வராது.
தொண்ணூறு மீட்டர் இரும்பு கூராகக் குவிந்து
ஒரு பீங்கான் குடத்தின் மேல் நிற்கிறது,
நடுவில் தேங்காய் அளவு எஃகுக் குண்டு.
இறுக்கிப் பூட்டியதில்லை.
மேலே எவ்வளவு ஆடினாலும்
அடி முறுக்கிக்கொள்ளாது,
சுமையை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

மேற்கே இரண்டு நங்கூரம் கேரளத்தில்.
கிழக்கே ஒன்று
ஓடை தாண்டி, தமிழ்நாட்டில்,
திருமூர்த்தியின் கடலைக்காட்டில்.

ஆடி மாதம்.
கணவாய் வழியாக வந்த காற்று
என் தொப்பியைக் கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டது.
அவர் கம்பியை ஒரு கையால் தள்ளிக் காட்டினார்.
"பாருங்க அம்மிணி, தொளதொளங்குது.
ஒண்ணையும் புடிக்கல.
ட்ராக்டர் திரும்ப மாட்டீங்குது, அவுத்துட்டுப் போங்க."

தையில் காற்று திரும்பும், அப்போது
இதுதான் பிடிக்கும் என்றேன்.
"தைக்கு வந்து கட்டிக்கங்க."

மானியை மாட்டினேன்.
தொளதொளத்த கம்பியில் எழுநூறு கிலோ.
முள்ளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.
"அவுத்தா உளுந்துருமா?"
உடனே விழாது.
காற்று தள்ளிக்கொண்டிருக்கும் வரை நிற்கும்.
காற்று மூச்சு வாங்குகிற நொடியில்
மற்ற இரண்டும் தங்கள் பக்கம் இழுத்துவிடும்.

"எங்க காட்டு மேலயா?"

இதைத்தான் கேட்கக் கூடாது என்று இருந்தேன்.
இல்லைங்க. அந்தப் பக்கம். மேற்கே.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
மூன்று வருடமாக வாடகை வரவில்லை என்பதும்
அந்த மௌனத்தில் இருந்தது.
பிறகு கண்ணை இடுக்கி ஓடைக்கு அப்பால் பார்த்தார்.
"அங்க வேலியோரம் குத்தவெச்சிருக்கறது யாரு?"
ஷாஜு. பெயிண்ட் அடிக்கிறான்.
"சோறு தின்னுட்டானா?"
தெரியலைங்க.

ட்ராக்டரைப் பின்னால் எடுத்து,
திட்டிக்கொண்டே,
நங்கூரத்தைச் சுற்றி உழுதுவிட்டுப் போனார்.
ஒரு முழம் கூட நெருங்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கிழக்கு, எழுநூறு. அடி, இருபத்தாறு.
குறிப்பு என்ற கட்டத்தில்
வாடகை பாக்கி என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டேன்.
கோடு காற்றில் கொஞ்சம் கோணிவிட்டது.