மூன்று மதிப்பெண்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேர்வன்று
காலை பதினொன்று இருபதுக்கு
ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விட்டார்கள்.

ஆரம்பாக்கத்தில் இது புதிதில்லை.
முதலில் வெளிச்சம், கொஞ்சம் பொறுத்துச் சத்தம்,
பிறகு ஜன்னல் கண்ணாடி,
கடைசியாக நாய்கள்.
அன்றைக்கும் அதே வரிசைதான்.
அறையே ஜன்னல் பக்கம் திரும்பிற்று.
மேற்பார்வைக்கு வந்த ஞானசிகாமணி சார்
"எழுதுங்க, எழுதுங்க" என்றபடி
தானும் வராந்தாவுக்கு நடந்தார்.

எனக்கு ஜீனர் டையோடு தெரியும்.
மின்தடை எங்கே, பளு எங்கே, எல்லாம் தெரியும்.
அந்த முக்கோணம் மேலே பார்க்குமா
கீழே பார்க்குமா,
அது மட்டும் தெரியாது.

ஹேமாவதி விடைத்தாளைத் திறந்தபடி போட்டுவிட்டு
அண்ணாந்து கிடந்தாள்.
வாய்கூடக் கொஞ்சம் திறந்திருந்தது.
நான் அவள் தாளைப் பார்த்தேன்.

மேலே.

சத்தம் அடங்குமுன் வரைந்து முடித்துவிட்டேன்.
அன்று வானத்தில் போனதைச்
சாயங்காலம் செல்போனில்தான் பார்த்தேன்.
சூளூர்பேட்டையில் யாரோ மொட்டை மாடியிலிருந்து எடுத்தது,
கை நடுங்கியிருந்தது.
நடுவில் ஒரு குழந்தை வேறு குறுக்கே ஓடியது.

பொன்னேரிக் கல்லூரியில் இடம் கிடைத்தது.
கடைசிப் பட்டியலில்
கடைசிக்கு முந்தின பெயர்.
சில இரவுகளில்
மொத்தத்தில் மூன்றைக் கழித்துப் பார்ப்பேன்.
வருகிற விடையை
இங்கே எழுதப்போவதில்லை.

இந்தக் கோடை விடுமுறையில்
தடாவுக்கு அப்பால் செல்போன் தொழிற்சாலையில் வேலை.
எல்லை தாண்டும்போது தினமும் ஒரு குறுஞ்செய்தி:
ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது.
திரும்பி வந்தால் தமிழ்நாடு வரவேற்கும்.
வேறு யாரும் என்னை
நாளுக்கு இரண்டு முறை வரவேற்றதில்லை.

எனக்குக் கேமரா சோதனை.
பெல்ட்டில் வரும் செல்போனை எடுத்து
எதிரே ஒட்டிய கறுப்பு வெள்ளைக் கட்டங்களை
ஒரு படம் பிடித்து, உடனே அழித்து,
அடுத்தது.
ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு.
யார் யார் கைக்கோ போகப்போகிற எண்ணூறு கண்களுக்கும்
முதலில் தெரிந்தது அந்த ஒரே கட்டம்.

எங்கள் லைனுக்கு லீடர் ஹேமாவதி.
சூப்பர்வைசரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ்,
இயந்திரம் நின்றுபோனால் இரண்டும் கலந்த வசவு.
"அமுக்காதடி, சும்மா தொடு."
இயற்பியலில் என்னைவிடப் பதினொன்று அதிகம் வாங்கியவள்,
கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை.
ஏன் என்றேன்.
"அப்பாவுக்கு அப்ப கால் சரியில்ல."
அதற்குமேல் பேச்சு போகவில்லை.

ராத்திரி ஏழரைக்குக் கேன்டீனில்
உப்புமாவைப் பிசைந்துகொண்டே அவளாகச் சொன்னாள்:
"அந்தப் பரீட்சைல எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி,
ராக்கெட் மட்டுந்தான்.
மேகத்துக்குள்ள போயி
மறுபடி வெளிய வந்துச்சு பாரு,
அப்ப அழுகை வந்துருச்சு எனக்கு.
நீ எங்கேர்ந்து பாத்த?"

"உன் பக்கத்துலேர்ந்துதான்."

"ஆமால்ல" என்று
தன் தட்டு ஊறுகாயை என் தட்டுக்குத் தள்ளினாள்.
எனக்கு மாங்காய் ஆகாது.
தின்றேன்.

மணி அடித்து வேலைக்குத் திரும்பியதும்
ஒரு செல்போனைத் திருப்பிப் பிடித்துவிட்டேன்.
தொப்பி, முகக்கவசம்,
நடுவில் என் இரண்டு கண்.
அவை எங்கே பார்க்கின்றன என்று
பெரிதாக்கிப் பார்ப்பதற்குள்
திரை பச்சையாகி 'பாஸ்' என்றது.

அழித்துவிட்டு
பெல்ட்டில் வைத்தேன்.