பாதி மாத்திரை

காவிரித் தண்ணீர் எட்டியும் எட்டாத
கடைமடை, அகஸ்தியம்பள்ளி.
உப்பு வாரும் முருகையனிடம்
உப்பைக் குறைங்க என்று சொல்ல
மாதாமாதம் சைக்கிள் மிதிக்கிறேன்.

"எதுலம்மா? கூலியிலயா, கொழம்புலயா?"

பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்றெழுபது, கீழே நூற்றிரண்டு.
போன மாதமும் இதேதான்.
கருவாடு? "வாரத்துக்கு ஒரு நாளு."
பீடி? "விட்டாச்சு."
காதுமடலில் ஒன்று செருகியிருந்தது.
மாத்திரை?
"வேளை தவறுனதில்ல."

அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
கடைசிக் குழியில்
பிளேடால் நறுக்கிய பாதி,
தூள்கூடச் சிந்தாமல்.

மிச்சம் எங்கே?

கதவுக்குப் பின்னால் வளையல் நகர்ந்தது.
"அவளுக்கும் தலை சுத்துது.
ஒங்க நோட்டுல எம் பேருதான இருக்கு?"

ஆறு வருஷம்
அவள் நீட்டிய மோரைக் குடித்துவிட்டு
இந்த வாசலிலிருந்து போயிருக்கிறேன்.
ஒருமுறைகூடக் கையை நீட்டச் சொன்னதில்லை.

"எனக்கெதுக்கு,
பாத்திக்குப் போவணும்" என்றபடியே உட்கார்ந்தாள்.
வெடித்த விரல்கள். முழங்கைவரை வெள்ளை.

நூற்றெண்பத்தாறு.
மறுபடி அடித்துப் பார்த்தேன்.
நூற்றெண்பத்தெட்டு.

பட்டையை அவிழ்க்கையில்
காய்ந்த உப்பு நோட்டில் உதிர்ந்தது.
ஊதிவிட்டு,
பெயரைக் கேட்டு எழுதினேன்.

தையல்நாயகி.
வயது, அவளுக்கே தெரியவில்லை.
இரண்டு அட்டை.
"முழுசாவா?" என்றார் முருகையன்.
முழுசாத்தான்.