பொருளடக்கம்

கருங்கல் சந்தைக்குப் பின்பக்கம்
ஆஞ்சிலித் தூள் மூக்கில் ஏறும் கடையில்
நாற்காலி இருந்தது, மேசை இல்லை.
ஏசுவடியான் ஒரு மூடியைப் புரட்டிப் போட்டார்.
அதன்மேல் லேப்டாப்பைத் திறந்தேன்.
"பைய வை பிள்ளே. அது வித்தாச்சு."

முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், தொடர்புக்கு:
எந்தக் கடைக்கும் நான் வரையும் அதே நாலு கட்டம்.
போன வாரம் அழகியமண்டபத்தில் ஒரு பேக்கரிக்கு
இதே கட்டங்களில் பிளம் கேக்கை அடுக்கினேன்.
இங்கே முதல் கட்டத்திலேயே
கர்சர் சிமிட்டிக்கொண்டு நின்றது.
நல்வரவு என்று எழுத முடியாது.
மீண்டும் வருக, அதைவிட.

வாடிக்கையாளர் கருத்துக்கு ஒரு பக்கம் விடலாமா
என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தேன்.
"அந்தப் பகடி எங்க அப்பன் காலத்துலயே பழசு"
என்றவர் இழைப்புளியை நிறுத்தவே இல்லை.

ஆட்கள் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவார்கள்?
என் பட்டியலை வாசித்துக் காட்டினேன்:
மலிவான, அருகில், தரமான, சிறந்த.
இழைப்புளி நின்றது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு குவைத்துலேர்ந்து விளிப்பான்.
விலை கேக்க மாட்டான்.
நான்தான் கேப்பேன், அப்பாவுக்கு உயரம் எத்தனைன்னு.
அதுக்குப் பொறவு சத்தமே வராது.
தெரியாது, கேட்டியா.
இருவது வருசம் பணம் அனுப்பினவனுக்கு
அது மட்டும் தெரியாது."

சிறந்த என்பதை அழித்தேன்.
தரமான தானாகவே போனது.
எங்களைப் பற்றி கடைசிக்கு இறங்கியது;
அந்த நேரத்தில் எங்களைப் பற்றி யாருக்கு என்ன?
மேலே, பெரிய எழுத்தில், தொலைபேசி எண்.
அதன் கீழே:
உயரம் தெரியாவிட்டால் பரவாயில்லை.
அவர் படுத்த கட்டிலின் நீளம் சொல்லுங்கள்.
அல்லது, வாசல் நிலையில் குனிந்து நுழைவாரா, இல்லையா.

படிவத்தில் 'இறந்தவர் பெயர்' என்றிருந்ததை
'அவர் பெயர்' ஆக்கச் சொன்னார்.
திருவனந்தபுரம் விமான நிலையம் வரை வண்டி வரும் என்று ஒரு வரி.
ஐஸ் பெட்டிக்கு ஒரு வரி,
கரண்டு போனால் ஜெனரேட்டர் என்று பாதி வரி.
விலைப்பட்டியலில் ஆறடி, ஐந்தரை, ஐந்து.
அதற்குக் கீழே?
"மூணடிக்கு விலை போடாதே."
கேட்டால் என்ன சொல்வது?
"கேக்கட்டும்."
சுவரோரம் நின்ற சின்னதின் மேல்
சாக்கை இழுத்துவிட்டார்.

மழைக்கு முன் பஸ் ஏறினேன்.
திக்கணங்கோடு தாண்டும்போது
கோப்புக்கு இறுதி என்று பெயரிட்டு அனுப்பினேன்.
வீடு சேர்வதற்குள் குரல் செய்தி,
பின்னால் ரம்பம், அதற்கும் பின்னால் கோயில் மணி:
"இருவத்துநாலு மணி நேர சேவைன்னு போட்டிருக்கியே,
ஞாயித்துக்கிழம பூசை நேரத்தக் கழிச்சிடு.
பொய் எழுதாண்டாம்."

இறுதி இரண்டு என்று இன்னொன்று திறந்து
ஞாயிறு மட்டும் இருபத்துமூன்று என்று திருத்தினேன்.