தொடர்ந்து பார்க்க

"இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது"
என்றது திரை.
சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் போன் திருத்துகிற பெடியன்
இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
ஒரு சாவிப் படத்தை அழுத்தினான்.
"இப்ப உங்கட போன் சுவிசில நிக்குது, அக்கா."

இரண்டு தரம் எனக்கு மறுத்த விசா
என் போனுக்கு ஒரு நிமிடத்தில் கிடைத்தது.

கணக்குத் தம்பியுடையது.
மூன்று வருடமாய்க் குகநேசனோடு கதை இல்லை.
இணுவில் காணி, ஒன்பது பரப்பு,
கிணற்றில் அரைப் பங்கு, வழிவாய்க்கால் உரித்து.
விற்கப்போறன் என்றான்.
நான் ஆளைப் பிடித்து வேலி அடைத்தேன்.
வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்தான்.
கடவுச்சொல்லை மாற்ற மட்டும் மறந்துவிட்டான்,
அல்லது மறக்கவில்லை.
செத்துப்போன எங்கள் நாயின் பெயர் அது,
பின்னால் அந்த வீட்டு இலக்கம்.

ஒரு கணக்குக்கு ஒரு திரைதான்.
மருந்துக்கடை பூட்டி வந்து, இரவு ஏழரைக்கு
'நெருஞ்சி வாசல்' போட்டால்
சில நாள் பாதியில் கறுத்துவிடும்:
வேறொரு கருவியில் பார்க்கப்படுகிறது.
பீல் நகரில் அப்போது பின்னேரம் மூன்று.
உணவகத்தில் மத்தியானக் கோப்பைகள் கழுவி முடிந்து
கையைக் காற்சட்டையில் துடைத்தபடி
எங்காவது ஒரு பெட்டிமேல் இருந்திருப்பான்.
நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
புட்டுக்கு மாக் குழைப்பேன்.

அவன் விட்ட இடத்தில் ஒரு சிவப்புக் கோடு.
பதினான்காம் நிமிடத்தில் நின்றால் நித்திரையாகிவிட்டான்.
முடிவுவரை போயிருந்தால் லீவு.
போன தை மாதம் ஆறு நாள் அது அசையவில்லை.
வசுந்தரா தொண்ணூறு பகுதியாய் மயக்கத்தில் கிடக்க,
பிழைப்பாளோ என்று கடையில் எல்லாரும் கேட்டார்கள்.
ஓமோம் என்றபடி
நான் வேறொரு கணக்கை விரலில் எண்ணினேன்.
ஏழாம் நாள் விடியப்புறம் மூன்றரைக்கு
கையில் இருந்த திரை கறுத்தது.
எழும்பிப் போய் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன்.

இப்போது சொல்கிறார்கள், தொடர் முடியப்போகிறதாம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பகுதி.
வசுந்தராவாய் நடித்தவள் விலகிவிட்டாள்.
"இனி இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போட்டு
அதே கட்டிலில் வேறொரு முகத்தைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.
வெளிநாட்டு உரிமை இன்னொரு கம்பனிக்குப் போகிறது,
மாத முடிவோடு ஐரோப்பாவில் தெரியாது,
இல்லை, இரண்டாம் பாகம் வரும்,
இல்லையில்லை, கனடாவில் மட்டும் காட்டுவான்.
இன்சுலின் வாங்க வந்த தேவகுஞ்சரி ரீச்சர்
"முடியட்டும் சனியன்" என்றா.
மிச்சக்காசை எண்ணாமல் கொஞ்ச நேரம் நின்றா.
"எண்டாலும், அவள் கண் முழிச்சாப் பிறகு முடிக்கலாந்தானே?"

உண்மையைச் சொன்னால்
எனக்கு அந்த நாடகம் பிடிக்கவே பிடிக்காது.
மாமி எதற்கு யன்னலடியில் நிற்கிறா,
பத்திரத்தில் கள்ளக் கையெழுத்து யாருடையது,
இன்றுவரை ஒழுங்காய்த் தெரியாது.

நேற்று இரவு இன்னொன்று தேடினேன்.
நீளமானதாய். இப்போதைக்கு முடியாததாய்.
ஒரு பொலிஸ்காரி, மூன்று அண்ணன்மார்,
வழக்கில் கிடக்கிற ஓர் அரிசி ஆலை.
முதல் பகுதியை நாலு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்,
வரிசையில் முன்னுக்கு,
அவன் கண்ணில் படுகிற இடத்தில் அது நிற்க.

காலையில் பார்த்தேன்.
நாலாம் நிமிடத்திலேயே நின்றது.
மத்தியானமும்.
இருமல் பாணிக்கு ஆள் வந்தது, கொடுத்தேன்,
திரும்பவும் பார்த்தேன்.

அழிக்கவில்லை.
அங்கே இன்னும் மூன்று மணியாகவில்லை.