விளக்கறை, சனிக்கிழமை

சுரங்கத்தை மூடியபோது
விளக்கறையை மட்டும் எங்களிடம் விட்டுப் போனார்கள்.
கதவுக்குப் பூட்டில்லை, கூரையில் பாதிக்கு ஓடில்லை.
சுவர் நிறையக் கொக்கிகள்,
ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்.

இப்போது அங்கே பூசணி அடுக்குகிறோம்.

நலோன் ஆற்றங்கரை மண்ணில்
விளைந்த எதையும் தின்னாதீர்கள் என்றது ஆய்வுக்கூடம்.
அதனால் மலையிலிருந்து மண் இறக்கினோம்,
மூட்டை மூட்டையாக, பதினேழு பேர்.
அதில் பாதிப் பேருக்கு
நுரையீரல் அரைகுறை.
பத்தடிக்கு ஒருமுறை நின்று
மூச்சு வாங்குவதை மறைக்க
வானத்தைப் பார்ப்பார்கள்.

அவரை, லீக்ஸ், முட்டைக்கோஸ்,
யாரும் கேட்காமலே காய்த்துத் தள்ளும் சுக்கினி.
விலை கிடையாது. விண்ணப்பம் கிடையாது.
காரில் வந்திறங்கும் மருந்துக்கடைக்காரருக்கும் உண்டு.
எனக்கு அதில் எரிச்சல்தான்.
எரிச்சல் இன்னும் போகவில்லை, லீக்ஸ் போகிறது.

வாரம் ஐந்து நாள் வரி அலுவலகத்தில்
பிறர் வருமானத்தைக் கூட்டிக் கழிப்பவன் நான்.
சனிக்கிழமை பேனா எடுப்பதில்லை.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
நல்லவள்தான், குடையோடு.
மானியம் தரலாம், பட்டியல் வேண்டும் என்றாள்:
வீட்டில் எத்தனை பேர், மாதம் எவ்வளவு,
தேவை எந்த அளவு? குறைவு, நடுத்தரம், கடுமை.
தெல்வா கையைத் துடைத்துக்கொண்டு
தராசில் ஒரு முட்டைக்கோஸை வைத்தாள்.
முள்ளைப் பார்த்தாள்.
"நடுத்தரம்" என்றாள்.

பித்தளை வில்லைகள்தான் எங்கள் பட்டியல்.
வீட்டுக்கு ஓர் எண்.
வருகிறவர் தன் வில்லையைக் கழற்றி
வாளியில் போடுவார். டங்.
கையெழுத்து அவ்வளவுதான்.
முன்பு, விளக்கோடு கீழே இறங்கியவனின் வில்லை
அவன் ஏறி வரும்வரை இங்கே தொங்கும்.
ஷிப்ட் முடிந்தும் தொங்கினால்
யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

பன்னிரண்டரைக்குத் தூறல் வலுத்தது.
மேசையில் ஒரு கூடைக்குக் காய்,
அதன்மேல் நான்கு சுக்கினி.
சுவரில் ஒன்று: நூற்றுப்பதினான்கு.

"ஒல்விதோ" என்றான் பினின்.
"மகள் வீட்டுக்குப் போயிருப்பாள்."
"அவளுக்கு மகள் கிடையாது."
ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்த தெல்வா
தேடுவதை நிறுத்தினாள்.

கூடையோடு மேடேறினேன்.
பழைய குவார்ட்டர்ஸ், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

காய்ச்சலா? இல்லை. காலா? இல்லை.
ஜன்னலிலிருந்து பார்த்தேன் என்றாள்,
வரிசை பாலம் வரைக்கும் நின்றது,
புது முகங்கள், கைக்குழந்தைகள்.
எனக்கோ ஒரு சாண் வயிறு.
போதாமல் போய்விட்டால்?

மிஞ்சியிருக்கிறது என்றேன்.
வரிக்காரன் சொல்வதை யார் நம்புவார்கள்?
சுக்கினியைத் தூக்கிக் காட்டினேன்.
சிரித்துவிட்டாள்:
"இது என்றைக்கு மிஞ்சாமல் இருந்தது?"

சங்கிலி விழுந்தது.
மணி ஒன்று. அடுப்பில் எதுவுமில்லை.
ஒரு தட்டு, ஒரு கரண்டி,
கழுவிக் கவிழ்த்து, காய்ந்தும் போயிருந்தன.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

புறப்படும்போது கூடையைத் திருப்பித் தந்தாள்.
அடியில் பாதி அவரை அப்படியே கிடந்தது.
"அந்த வீட்டுக்கு" என்றாள்.
எந்த வீடு என்று சொல்லவில்லை.

இறங்கி வந்தால்
ஒருவரும் போகவில்லை.
பதினாறு பேர், நனைந்த தோள்கள்,
வாளியை மடியில் வைத்தபடி பினின்.
நூற்றுப்பதினான்கைக் கழற்றிப் போட்டேன்.
டங்.
தெல்வாவுக்குச் சாவி கிடைத்தது,
கோட்டுப் பையிலேயே.

திங்கட்கிழமை, அலுவலகத்தில்,
கழிவுத்தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
தேவை: கடுமை.
எடுத்தது: பாதி.
கொடுத்தது: பாதி.
இரண்டு முறை கூட்டினேன்.
கணக்கு உதைத்தது.
அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.