அறுபதாவது ராடு

ஏழாவது முறை திருத்திய கதையிலும்
அந்தக் கோளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.
செவ்வாய் என்றால் கிழமை மாதிரி இருக்கிறதாம்,
சொன்னவர் தயாரிப்பாளர்.
நாமக்கல்லிலிருந்து மஸ்கட்டுக்கு முட்டை அனுப்புகிறவர்.
காலியாய்க் கிடந்த கோழிக் கொட்டகையை
விண்கலமாக்கிக்கொள்ளச் சாவி தந்தவர்.

முந்நூறடி நீளம்.
கூண்டுகளைக் கழற்றியதும் நீண்ட நடைபாதை.
முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டி
எதிரொலியைக் கொன்றோம்.
வாசம் மட்டும் போகவில்லை.
கேமராவுக்கு மூக்கில்லை என்றாள் ஷர்மிளா பானு.
ஒத்திகைப் படத்தில்
கூரையிலிருந்து ஓர் இறகு இறங்கிவந்தது,
அவசரமே இல்லாமல்.
அதை வெட்ட விடவில்லை அவள்.

கலத்தின் முகப்பை
லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்திருந்தோம்.
வெள்ளி நிறத்தில் அழகாய் வந்தது.
பின்புறம், கைப்பழக்கத்தில்,
ஒலி எழுப்பவும் என்று எழுதி
இரண்டு பக்கமும் தாமரை வரைந்திருந்தார்கள்.
அழிக்க மனம் வராமல்
அழித்தோம்.

நடிகர் தேர்வு திருச்செங்கோட்டில்,
சங்ககிரி ரோட்டு மண்டபம்,
முகூர்த்தமில்லாத ஒரு புதன்.
பாத்திரம்: மேகவண்ணன், துளைப்புப் பொறியாளன்.
காட்சி பதினாறு:
நானூறு மீட்டரில் தண்ணீர் வருகிறது.
அவன் கத்துகிறான். சிரித்தபடி மண்டியிடுகிறான்.
நான் எழுதியதுதான்.
எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

நூற்றுப் பன்னிரண்டு பேர் கத்தினார்கள்.
தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஒருவர்
கத்தியதில் மைக் போனது.
கோயமுத்தூர்ப் பையன் கத்தியபோது
யாருக்கு என்னாச்சு என்று
சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார்கள்.

அடுத்தது அர்த்தனாரி.
இருபத்தேழு வயது, ரிக் வண்டி டிரில்லர்.
அனுபவம் என்ற கட்டத்தில்
சத்தீஸ்கர், ஒடிசா, தான்சானியா பதினோரு மாசம்
என்று எழுதியிருந்தான்.
தாளைப் படித்தான். திருப்பி, பின்பக்கம் பார்த்தான்.
அங்கே ஒன்றுமில்லை.

“ஏனுங்க, இதுல கத்தோணுங்களா?”
ஆமாம்.
“தண்ணி வந்தா கத்த மாட்டமுங்க.”

பிறகு?

“ராடு எண்ணிக்கிட்டிருப்பமுங்க. ராடுக்கு இருபதடி.
அம்பது தாண்டுனா தோட்டத்துக்காரரு பேச்சை நிறுத்திருவாருங்க.
நாங்க அவரு மூஞ்சியப் பாக்கறதில்லீங்க,
புழுதியத்தான் பாக்கறது.
வெள்ளையா வந்துட்டே இருக்கும், மாவாட்டம்.
ஒரு நேரத்துல புழுதி கொஞ்சம் கனக்குமுங்க.
அப்ப ஆரும் வாயத் தொறக்க மாட்டோம்.
சொன்னாப் போயிருமோன்னு ஒரு இது.”

சரி, செய்து காட்டு என்றேன்.
கையை நீட்டினான், உள்ளங்கை மேலே.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ தேய்த்தன.
நின்றன.
மறுபடி தேய்த்தன.
விரலை மூக்குக்குக் கொண்டுபோய்
பாதியில் விட்டுவிட்டு
இன்னொரு ராடு என்று
யாருக்கோ தலையசைத்தான்.

மண்டபத்து ஃபேன் மட்டும் சுற்றியது.

“எத்தனாவது ராடு?”
கேட்டது தயாரிப்பாளர்.
எப்போது எழுந்து நின்றார் என்று தெரியவில்லை.
“அறுபத்திரண்டுங்க.”
“எனக்கு அறுபதுல போதும்னுட்டனப்பா,
காசில்லாம.”
எந்தத் தோட்டம், எந்த வருஷம்,
எதுவும் சொல்லாமல்
டீ சொல்லப் போவதுபோல் வெளியே போனார்.

நாலாம் நாள் அவனை அழைத்தேன்:
நீதான் மேகவண்ணன்.
“ராய்ப்பூர் தாண்டிட்டமுங்க.
நாலு பாயிண்ட் பாக்கி.
மழை எறங்குனா ஊருக்கு வந்துருவனுங்க.
உங்க கெரகம் ஓடியா போயிரும்?”

காட்சி பதினாறில் இப்போது ஒரே வரி:
மேகவண்ணன் புழுதியைத் தொட்டுப் பார்க்கிறான்.
தண்ணீர் வந்ததா இல்லையா என்று
சேனல்காரர்கள் தினமும் கேட்கிறார்கள்.
அவனைத்தான் கேட்க வேண்டும்.
போனை எடுப்பதில்லை.
கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்.